மிச்சம் வீட்டுத் தோட்டத்துக்கு வந்த நாய்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோதிலிருந்து அப்பா அம்மாவின் படிவங்களை நான்தான் நிரப்பி வருகிறேன். வங்கிக் கடிதம், கவுன்சில் வரி, ஆஸ்பத்திரி அப்பொயின்ற்மென்ற், தம்பியின் பள்ளிக்கூட விண்ணப்பம். இங்கே பிறந்து வளர்ந்த உங்களில் பலருக்கு இதை விளக்கத் தேவையில்லை. அப்பா பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருப்பார். நான் கேள்வியைத் தமிழில் சொல்லுவேன், அவர் பதில் சொல்லுவார், நான் ஆங்கிலத்தில் எழுதுவேன். சில நேரம் அவர் சொன்னதைக் கொஞ்சம் மாற்றி எழுதியிருக்கிறேன். அதை அவரிடம் சொன்னதில்லை.

போன வருடம் ஜனவரியில் அப்படி ஒரு படிவத்தில் வந்து மாட்டிக்கொண்டோம்.

அம்மாவுக்கு முழங்கால் ஏலாது. வீட்டில் பதின்மூன்று படி. எங்களுக்குக் கிட்ட, ஹரோவில், படி இல்லாத ஒரு பிளட்டுக்கு அவர்களைக் கொண்டுவர வேண்டும் என்று இரண்டு வருடமாகக் கதைத்துக் கதைத்து, கடைசியில் மிச்சம் வீட்டை விற்க அப்பா சம்மதித்தார். (“மிச்சத்தில வீடு வாங்கினா காசு மிச்சம்” என்பது அப்பாவின் 1991-ம் ஆண்டுப் பகிடி. இன்னும் அதை விடவில்லை.) வாங்க ஒரு இளம் குடும்பமும் வந்துவிட்டது. விலையும் பேசியாகிவிட்டது. பிறகு சொலிசிற்றர் ‘ரீ.ஏ.6’ என்ற படிவத்தை அனுப்பினார். வீடு விற்கிறவர்கள் வழக்கமாக நிரப்புவது. வேலி யாருடையது, பக்கத்து வீட்டோடு சண்டை இருக்கிறதா, வெள்ளம் வந்ததா என்று பக்கம் பக்கமாகக் கேள்வி. அதற்குள் ஒன்று: ஜப்பானீஸ் நொட்வீட் இந்த இடத்தைப் பாதித்திருக்கிறதா? ஆம், இல்லை, தெரியாது என்று மூன்று பெட்டி.

“உதென்ன வீட்?” என்றார் அப்பா.

போனில் படத்தைக் காட்டினேன். மூங்கில் மாதிரிக் கணுக் கணுவாக, உள்ளே கோறையான தண்டு. அதில் ஊதாப் புள்ளிகள். பக்கத்துக்கு ஒன்றாக மாறி மாறி வந்த அகன்ற இலை. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுத் திரும்பப் பார்த்தார்.

“இது எங்கட மூங்கிலெல்லே.”

அந்த ‘மூங்கில்’ எனக்கும் தெரியும். தோட்டக் கோடியில், கொட்டிலுக்குப் பின்னால் நின்றது. 2009-ல் பக்கத்துத் தெருவில் யாரோ வீடு பெருப்பித்தபோது வெட்டிப் போட்ட மண்ணை, கேட்டு வாங்கி, அரிசிப் பைகளில் நிரப்பிக் காரில் கொண்டுவந்தவர் அப்பா. “சும்மா கிடைச்ச மண்” என்று அவருக்கு ஒரே புளுகம். அடுத்த வருடம் அந்த மண்ணிலிருந்து சிவந்த முளைகள் வந்தன. யாருக்கும் என்னவென்று தெரியவில்லை. வெட்டினால் திரும்பி வந்தது. மாரியில் காய்ந்து நின்ற தண்டுகளை அப்பா எடுத்துப் பயற்றங்கொடிக்கு ஊன்றினார். இரண்டு மாதத்தில் முறிந்துவிடும், ஆனால் காசு கொடுத்து வாங்கின தடி இல்லைத்தானே. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு முறை, கடையில் வாங்கின களைமருந்தை நன்றாக ஊற்றிவிட்டார். அதற்குப் பிறகு ஒன்றும் பெரிதாக வரவில்லை.

“இப்ப ஒண்டும் இல்லை. இல்லையெண்டு போடு பிள்ளை.”

என் மகளுக்கு எட்டு வயது. மேசையின் மறுபக்கத்தில் தமிழ்ப் பள்ளி வீட்டுவேலை செய்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. “ஆனா தாத்தா, நீங்க இருந்தது எண்டு இப்பத்தானே சொன்னீங்க?”

ஒருவரும் பதில் சொல்லவில்லை. அம்மா தேத்தண்ணி வைக்க எழும்பினா. நான் பேனையை மூடி வைத்தேன்.

அன்றிரவு வீட்டுக்கு வந்து இந்தச் செடியைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். இதை இங்கே கொண்டுவந்தவர்கள் களவாகக் கொண்டுவரவில்லை. ஜப்பானில் நாகசாகிப் பக்கம் டச்சுக்காரரின் வைத்தியராக இருந்த சீபோல்ட் என்ற ஜேர்மனியர், ஐரோப்பாவுக்கு அனுப்பிய செடிகளில் இதுவும் ஒன்று. 1847-ல் நெதர்லாந்தில் உட்றெக்ட் நகரத் தோட்டக்கலைச் சங்கம் இதற்குத் தங்கப் பதக்கமே கொடுத்திருக்கிறது. 1850-ல் இங்கே கியூ தோட்டத்துக்கு வந்தது. நாங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கிற அதே கியூ. பிறகு பணக்காரர் தோட்டங்களுக்கு அழகுச் செடியாக விலைக்குப் போனது. பிரித்தானியாவில் உள்ள நொட்வீட் எல்லாம் ஒரே பெண் செடியின் நகல் என்கிறார்கள். விதையால் பரவியதில்லை. கிழங்கு மாதிரியான வேர்த்தண்டில் ஒரு கிராமுக்கும் குறைந்த துண்டு போதும், அதிலிருந்து புதுச் செடி வரும். அதனால் மண்ணை அள்ளிக் கொண்டுபோகிற மனிதர்தான் இதன் வாகனம். அப்பாவின் அரிசிப் பை மாதிரி.

தோட்டத்தில் அது நிற்பது குற்றம் இல்லை. வெளியே காட்டுக்கோ ஆற்றங்கரைக்கோ அதைப் பரவவிடுவதுதான் 1981-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வெட்டியதைப் பச்சை பின்னில் போடவும் கூடாது. அப்பா எத்தனை வருடம் போட்டாரோ. ஒரு காலத்தில் ஏழு மீற்றருக்குள் இந்தச் செடி இருந்தால் வங்கிகள் வீட்டுக்கடன் தரப் பயப்பட்டன. 2022-ல் மதிப்பீட்டாளர் அமைப்பு வழிகாட்டலை மாற்றிய பிறகு அந்தப் பயம் கொஞ்சம் தணிந்திருக்கிறது. வீடு இடிந்து விழாது. ஆனால் விலை விழும்.

படிவத்தின் விளக்கக் குறிப்பையும் அப்போதுதான் வாசித்தேன். ‘இல்லை’ என்று போடுவதானால், மண்ணுக்கு மேலே மட்டுமல்ல, மண்ணுக்குக் கீழேயும், வேலியிலிருந்து மூன்று மீற்றர் தள்ளியும் வேர் இல்லை என்பது நிச்சயமாகத் தெரிந்திருக்க வேண்டுமாம். மிச்சத்துக்குக் கிட்ட இருக்கிற ரேய்ன்ஸ் பார்க்கில் ஒருவர் ‘இல்லை’ என்று போட்டு வீட்டை விற்றிருக்கிறார். வாங்கியவர் கொட்டிலுக்குப் பின்னால் செடியைக் கண்டுபிடித்து வழக்குப் போட்டார். 2023-ல் தீர்ப்பு வந்தது. நட்டஈடு 32,000 பவுண், வழக்குச் செலவு அதைவிட எவ்வளவோ கூட. கொட்டிலுக்குப் பின்னால். அந்த வரியை இரண்டு தரம் வாசித்தேன்.

அப்படியென்றால் ‘தெரியாது’. அந்தப் பெட்டி ஒன்று இருக்கிறதே என்று மனம் அங்கேயே போனது. பொய்யும் இல்லை. ஜனவரி மாதம், தோட்டத்தில் ஒரு இலை இல்லை, மண்ணுக்குக் கீழே உயிர் இருக்கிறதா செத்ததா என்று யாருக்குத் தெரியும்? உண்மையாகவே தெரியாது. சொலிசிற்றரும் நிச்சயமில்லாவிட்டால் அப்படிப் போடலாம் என்றுதான் சொன்னார். ஆனால் அப்பா படத்தைப் பார்த்த அந்த நிமிசத்திலிருந்து எங்களுக்குத் ‘தெரியாது’ என்று இல்லை. அதற்குச் சாட்சி எட்டு வயதில் ஒன்று மேசையில் இருந்தது.

வேலையிடத்தில் ஒரு சிநேகிதி சொல்லித்தான் நாய் விசயம் தெரியவந்தது. மாரியில், செடி மண்ணுக்குள் உறங்குகிற காலத்தில்கூட, வேரின் மணத்தைப் பிடிக்கிற நாய்களை வைத்துத் தோட்டம் பார்க்கிற கொம்பனிகள் இங்கே இருக்கின்றன. எங்களிடம் வந்த நாயின் பெயரைச் சொன்னால் கொம்பனி எது என்று தெரிந்துவிடும், அதனால் விட்டுவிடுகிறேன்.

நாய் என்றதும் அம்மாவுக்கு எயார்போட் ஞாபகம் வந்தது. “எங்கட பையளை மணந்து பாக்குமே, அதே?” அதேதான், ஆனால் தேடுகிற பொருள் வேறு. வியன்னாவில் 2009-லிருந்து ஆசிய நீளக்கொம்பு வண்டைத் தேட நாய்களைப் பழக்குகிறார்கள். சரக்குப் பெட்டி மரத்துக்குள் ஒளித்து வருகிற அந்த வண்டு, 2012-ல் கென்ற் மாகாணத்தில் பாடொக் வூட் என்ற ஊரில் பிடிபட்டது. அதை ஒழிக்க 2,000-க்கும் மேற்பட்ட மரங்களை வெட்டி எரித்தார்கள். 2019-ல்தான் ஒழிந்தது என்று அறிவித்தார்கள். கனடாவில் சொந்தக்காரர் இருந்தால் கேட்டுப் பாருங்கள், அல்பேர்ட்டாவில் படகுகளின் அடியில் ஒட்டிக்கொண்டு வருகிற மட்டிகளை நாய்தான் தேடுகிறது. பிறிஸ்பேன் பக்கம் தீயெறும்புப் புற்று. இங்கே 2025-ல், லார்ச் மரங்களைக் கொல்கிற ஒரு நோயின் கிருமியை மணந்து பிடிக்க ஒரு நாயைப் பழக்கியிருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. அதன் பெயர் ஐவர். தமிழில் எழுதினால் பாண்டவர் மாதிரி இருக்கிறது என்று மகளுக்குச் சொன்னேன். பாண்டவர் யார் என்று கேட்டாள். அது வேறு ஒரு கட்டுரை.

அப்பாதான் விடவில்லை. காசு ஒரு காரணம். மற்றது நாய்.

எங்கள் வீட்டில் நாய் என்றால் பயம். உங்கள் வீட்டிலும் இருக்கலாம். சின்ன வயதில் நான் நாயைக் கண்டால் வீதியின் மற்றப் பக்கம் மாறுவேன். ஏனென்று ஒருநாளும் யோசித்ததில்லை. அம்மா கையை இறுக்கிப் பிடிப்பா, அவ்வளவுதான். இப்போது என் மகளும் மாறுகிறாள். வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் நாய். பிறந்தநாள் அழைப்பு வந்தால் “அவையின்ட வீட்டில நாய் இருக்கா?” என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி. இரண்டு பிறந்தநாளுக்கு இல்லாத காய்ச்சலைச் சொல்லிப் போகாமல் விட்டிருக்கிறோம். படிவங்களைப் பற்றி எழுதத் தொடங்கின நான் இதையும் சொல்லத்தானே வேண்டும்.

அப்பாவின் பயம் கடிக்கு இல்லை. 1984-ல் ஊரில் இரவில் நாய் குரைத்தால் ஆமி வருகுது என்று அர்த்தம். முதலில் ரோட்டுக்கரை நாய் குரைக்கும், பிறகு கோயிலடி நாய், பிறகு அடுத்த வளவு நாய். எவ்வளவு தூரத்தில் வருகிறார்கள் என்று அந்தச் சத்தத்தில் கணக்குப் பார்ப்பார்களாம். இளம் ஆக்கள் பின்வேலியால் இறங்கிப் பனங்காணிக்குள் போய் இருந்துவிடுவார்கள். அப்பாவும் அப்படி ஒரு நாள் போய், அடுத்த வருடம் லண்டன் வந்தவர். இதை எனக்கு அவர் சொன்னது போன வருடம், இந்த நாய்க் கதையில்தான். நாற்பது வருடமாகச் சொல்லவில்லை.

“எங்களைக் காப்பாத்தினதும் அதுகள்தான்,” என்றார். பிறகு, “சரி, வரச் சொல்லு. ஆனா வீட்டுக்குள்ள ஏத்த வேண்டாம். சாமியறை இருக்கு.”

பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை வந்தார்கள். பழுப்பு வெள்ளை ஸ்பானியல் ஒன்று, அதைக் கொண்டுவந்த பெண் ஒருவர். முதல் நாளே மண்ணைக் கிளற வேண்டாம், ஒன்றும் ஊற்ற வேண்டாம் என்று சொல்லியிருந்தார். நிலம் உறைந்துவிட்டால் மணம் மேலே வராது, கடும் காற்றென்றாலும் குழம்பும், அன்றைக்கு நல்ல நாள் என்றார். மகள் குசினி ஜன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே வரமாட்டேன் என்று முதலே சொல்லிவிட்டாள்.

நாய் ஓடித் திரியும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அந்தப் பெண் கையால் காட்டுகிற வழியே, வேலிக்கரையிலிருந்து கோடு போட்ட மாதிரி மேலும் கீழும் போனது. மூக்கு நிலத்தில். மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. எங்கள் மூக்கில் ஐந்தாறு மில்லியன் மண உணரிகள் என்றால் நாய்க்கு 300 மில்லியன் வரை இருக்குமாம். கறிக்குள் உப்புக் கூடினதே தெரியாத என் கணவர் இதைக் கேட்டுத் தலையாட்டினார்.

கொட்டிலுக்குப் பின்னால் போனதும் நாயின் வால் மாறியது. இரண்டு முறை அதே இடத்தைச் சுற்றியது. பிறகு இருந்தது. குரைக்கவில்லை, கிண்டவில்லை. சும்மா இருந்து, அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தது. அவர் பையிலிருந்து ஒரு ரெனிஸ் பந்தை எறிந்தார். அதற்குத்தான் இவ்வளவும்.

அப்பா என் பக்கத்தில் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை.

அப்போது ஜன்னல் திறந்தது. மகள் ஆங்கிலத்தில் கேட்டாள்: பந்துக்கு ஆசைப்பட்டு அது சும்மா இருந்தால்?

அந்தப் பெண் இதை நல்ல கேள்வி என்று எடுத்துக்கொண்டு ஜன்னலடிக்கு வந்தார். பழக்கும்போது அப்படிச் செய்து பார்க்கும் என்றார். நொட்வீட் துண்டு வைத்த டப்பா ஒன்று, வெறும் மண் வைத்த டப்பாக்கள் பல. வெறும் டப்பாவுக்கு முன்னால் இருந்தால் பந்து இல்லை. ஏச்சும் இல்லை, பந்தும் இல்லை, அவ்வளவுதான். சில நாட்களில் எந்த டப்பாவில் துண்டு இருக்கிறது என்று அவருக்கே தெரியாமல் வேறொருவர் வைப்பாராம். ஏனென்றால் ஆளுக்குத் தெரிந்தால் ஆளின் முகத்தைப் பார்த்தே நாய் கண்டுபிடித்துவிடும். மூக்கை விட்டுவிட்டு முகத்தை வாசிக்கத் தொடங்கிவிடும். ஒன்றுமே இல்லாத தோட்டம் என்றால், கடைசியில் அவரே ஒரு துண்டை ஒளித்து வைத்துத் தேடவிடுவாராம். இல்லாவிட்டால் நாய்க்கு வேலை அலுத்துவிடும்.

நான் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் நின்றேன். முப்பது வருடமாக அவர் முகத்தைப் பார்த்துத்தான் படிவம் நிரப்பியிருக்கிறேன்.

நாய் இன்னும் ஓரிடத்தில் இருந்தது. அது எங்களுக்கு எதிர்பாராதது. பக்கத்து வீட்டு வேலிக்கரை, அப்பா கீரை போடுகிற பாத்தி. அங்கே ஒருநாளும் முளை வந்ததில்லை என்று அப்பா சொன்னார். அந்தப் பெண் சின்ன மண்வெட்டியால் மெதுவாகத் தோண்டினார். நாய் இருக்கிற இடத்திலேயே வேர் இருக்கும் என்றில்லையாம், மண் வெடிப்பு வழியே மணம் தள்ளி வந்து வெளியே வரும். ஒரு முழம் தள்ளி, கபில நிறத்தில் விரல் மொத்தத்தில் ஒன்று வந்தது. முறித்தார். கரட் முறிகிற மாதிரி டக்கென்று முறிந்தது. உள்ளே செம்மஞ்சள்.

“மஞ்சள் கிழங்கு மாதிரி இருக்கு,” என்றா அம்மா கதவடியில் நின்று.

“அந்த மண்தான்,” என்றார் அப்பா. “மிஞ்சின ரெண்டு பையை இங்கதான் கொட்டினனான்.”

அந்தப் பெண் தந்த தாளில் ‘இன்வேசிவ் நொன்-நேற்றிவ்’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. இதை அப்பாவுக்கு எப்படித் தமிழில் சொல்வது? தேடிப் பார்த்தால் ‘ஆக்கிரமிப்புத் தாவரம்’ என்று வருகிறது. சொன்னேன். அப்பா சிரித்துவிட்டார். எங்கள் ஆட்களுக்கு அந்தச் சொல் ஒரு செடிக்கு உரியது அல்ல.

ஆனால் மகள் அந்த ஆங்கிலச் சொல்லிலேயே நின்றாள். இரவு சாப்பாட்டு நேரம் கேட்டாள். “நாங்களும் நேற்றிவ் இல்லைத்தானே?” நான் இந்தக் கேள்விக்காக எத்தனையோ வருடமாகப் பயந்து பதில் தயாரித்து வைத்திருந்தேன். ஒன்றும் வாயில் வரவில்லை. அப்பாதான் சொன்னார், சோற்றைக் குழைத்துக்கொண்டு.

“இந்தக் கறிக்குள்ள இருக்கிற மிளகாய் எங்கட ஊர்ச் சாமான் இல்லைப் பிள்ளை. போர்த்துக்கேயன் கொண்டு வந்தது. மரவள்ளி, பப்பாப்பழம், ஒண்டும் எங்கட இல்லை. அதுகள் வந்து எங்களோட இருந்து எங்களுக்குச் சாப்பாடு தந்தது. பார்த்தீனியம் எண்டு ஒண்டு வந்தது. இந்தியன் ஆமி இருந்த காலத்தில, அவை இறைச்சிக்குக் கொண்டு வந்த ஆடுகளோட வந்தது எண்டு சனம் சொல்லும். இப்ப வன்னி, யாழ்ப்பாணம் எல்லாம் நிக்குது. மாடு தின்னாது, மனுசருக்குக் கடி, வேற ஒண்டையும் வளர விடாது. வந்தது பிழை இல்லை. மற்றதை வளர விடாததுதான் பிழை.”

அவள் யோசித்தாள். “அப்ப நாங்க மிளகாய்,” என்றாள். அம்மா புரைக்கேறும் அளவுக்குச் சிரித்தா.

நான் தயாரித்து வைத்திருந்த பதில் இதைவிட நீளம்.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு அப்பா போன் எடுத்தார். இரவு நித்திரை கொள்ளவில்லை என்று குரலில் தெரிந்தது.

“பிள்ளை, கறிவேப்பிலை.”

எனக்கு விளங்கச் சில விநாடி எடுத்தது. அப்பா பல வருடமாகக் கறிவேப்பிலைக் கன்று பிரித்துச் சட்டியில் வைத்துக் கொடுக்கிறவர். கோயிலில் சந்திக்கிற ஆட்களுக்கு, பெரியம்மாவின் பிள்ளைகளுக்கு, தம்பியின் மாமியார் வீட்டுக்கு. லண்டன் குளிரில் கறிவேப்பிலை தப்பவைக்கத் தெரிந்த ஆள் என்று அவருக்கு ஒரு பெயரே உண்டு. அந்தச் சட்டிகளுக்கு மண் எங்கிருந்து எடுத்தார்? கீரைப் பாத்தியிலிருந்து.

பின்கதவடியில் நின்ற சட்டிகளை நாய் மணந்து பார்த்து, நிற்காமல் போனதை நான் கண்டேன் என்று சொன்னேன். அவை புதுசு, கடை மண் போட்டது என்றார். பழையவை எல்லாம் கொடுத்தாகிவிட்டது.

“பேசாமல் விடுவமா?” என்று கேட்டேன். மறைக்காமல் சொல்கிறேன், நான்தான் கேட்டேன். சனத்துக்குச் சொன்னால் என்ன கதை வரும் என்று எனக்குத் தெரியும். மிச்சம் வீட்டு ஐயா நஞ்சுச் செடி கொடுத்தவர் என்று, அடுத்த திருவிழாவுக்குள் ஹரோ வரைக்கும் வந்து நிற்கும்.

“இல்லை. நான் எடுக்கிறன்.”

பதினொரு வீடு. இரண்டு நாளாக ஒவ்வொருவராக எடுத்தார். நான் அன்று மாலை போனபோது மேசையில் பழைய டயறி, பெயர்களுக்கு நேரே அவருடைய கையெழுத்தில் சரி அடையாளம். என் முன்னால் ஒரு அழைப்பைக் கேட்டேன். “ஓமோம், நான்தான்... ஒரு பிழை நடந்து போச்சு... இல்லை, உங்கட பிழை இல்லை, என்ர பிழை. சட்டியை நிலத்தில இறக்கி வைச்சனீங்களோ? மண்ணைக் கொட்டினனீங்களோ? சிவப்பாய் ஒரு முளை வந்தா வெட்ட வேண்டாம், எறிய வேண்டாம், எனக்குச் சொல்லுங்கோ.” படிவத்துக்கு ஒரு சொல் சொல்ல என்னைத் தேடுகிறவர், இதற்கு என்னைத் தேடவில்லை.

சிலர் சிரித்தார்கள். ஒருவர் கோபித்தார். இருவர் செடி எப்போதோ செத்துப்போய்விட்டது, சொல்ல வெட்கப்பட்டு இருந்தோம் என்று உண்மையைச் சொன்னார்கள். அது அப்பாவுக்கு நொட்வீட்டைவிடக் கவலை. ஈஸ்ற் ஹாமில் ஒரு வீட்டில் மட்டும், ஏப்ரலில், கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் சிவந்த முளை ஒன்று வந்தது. நல்ல காலம், சட்டி கொன்சர்வேற்றரிக்குள் சீமெந்து நிலத்தில் நின்றது. அப்பா போய்ச் சட்டியோடு இரண்டு பைக்குள் கட்டி வைத்தார். எங்கள் தோட்டத்தை வைத்தியம் பார்க்கிற கொம்பனி அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டுபோனது.

பக்கத்து வீட்டு மூதாட்டிக்கும் சொல்ல வேண்டியிருந்தது. வேலிக்கரை என்றபடியால் அவருடைய பக்கமும் பார்க்க வேண்டும். அப்பா ஒரு பெட்டி லட்டோடு போனார். முப்பது வருடமாக அயலவர். அவர் கதையைக் கேட்டுவிட்டு, அந்தச் செடியின் வெள்ளைப் பூவைத் தனக்குப் பிடிக்கும் என்று சொன்னாராம்.

படிவத்தில் ‘ஆம்’ என்று போட்டேன். வாங்க வந்த இளம் குடும்பம் ஒரு கிழமை யோசித்து, வேண்டாம் என்றது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. வீடு மூன்று மாதம் சும்மா நின்றது. அந்த மூன்று மாதமும் அம்மா பதின்மூன்று படியும் ஏறி இறங்கினா. ஒவ்வொரு முறையும் கைபிடியைப் பிடிக்கிற சத்தம் கேட்கும்போது நான் செய்தது சரியா என்று யோசித்திருக்கிறேன். மருந்தடிக்கிற வேலை சில வருடம் போகும், அதற்கு ஒரு திட்டமும் பத்து வருட உத்தரவாதப் பத்திரமும் எழுதி வாங்கின பிறகுதான் இன்னொருவர் வந்தார். விலையைக் குறைத்தார். எவ்வளவு என்று சொல்லமாட்டேன், அப்பா இன்னும் அந்த எண்ணை மனதுக்குள் வைத்திருக்கிறார். மிச்சம் ஒன்றும் பெரிதாக மிச்சம் இல்லை.

மகள் இன்னும் நாயைக் கண்டால் கையைப் பிடிக்கிறாள். ஆனால் வீதி மாறுவதில்லை. அந்த நாய் போகிறபோது, ஜன்னலிலிருந்து கதவுக்கு, கதவிலிருந்து படிக்கு என்று வந்து, பந்தை ஒரு முறை எறிந்து பார்த்தாள். வீட்டில் இப்போது ஒரு விளையாட்டு. சப்பாத்துப் பெட்டிகள் ஐந்து வரிசையாக இருக்கும். ஒன்றுக்குள் பெருங்காயம். யார் வைத்தது என்று தெரியாமல் இருக்க வேண்டும், அதுதான் சட்டம். அம்மா வைப்பா, தாத்தாவும் பேத்தியும் தேடுவார்கள்.

அவர்கள் ஒக்ரோபரில் ஹரோவுக்கு வந்தார்கள். மிச்சத்திலிருந்து ஒரு சட்டியும் கொண்டுவர அப்பா விடவில்லை. வந்து இரண்டாம் கிழமை, கடையில் புதுக் கறிவேப்பிலைக் கன்று ஒன்றும் ஒரு பை மண்ணும் காசு கொடுத்து வாங்கினோம். பல்கனியில் பத்திரிகை விரித்து, கத்தரிக்கோலால் பையின் மூலையை வெட்டிவிட்டு, அப்பா குனிந்து மூக்கைக் கிட்டக் கொண்டுபோனார்.

மகள் பந்தோடு பக்கத்தில் நின்றாள். “தாத்தா, இருக்கப் போறீங்களா?”